அந்தரத்தில் நின்ற அடியாள்

ஓடைமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, வாசகசாலைச் சுவரில் ஒரு கரும்பலகை பதித்திருக்கிறது. அதில் நாலு வரிக்கு மேல் எழுத இடம் கிடையாது. அந்த நாலு வரியில்தான் வெள்ளிக்கிழமைதோறும் புதுப்படத்துக்கு விமர்சனம் எழுதுவார்கள். எழுதுகிறவர் சகாயராணி டீச்சர்; பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். காலைக் காட்சி முடிந்து தியேட்டரிலிருந்து நேராக வந்து, கைக்குட்டையால் பலகையைத் துடைத்து, சாக்பீஸை எடுத்து நிமிர்ந்து நிற்பார். முதல் மூன்று வரி படத்தைப் பற்றி. நாலாவது வரி, பார்க்கலாமா வேண்டாமா என்ற தீர்ப்பு. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் பலகையை யாரும் தொடுவதில்லை. முடிவை மட்டும் சொல்லக் கூடாது. டீச்சருக்கு முன்பு எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு தடவை கொலைகாரன் யார் என்று எழுதிவிட, தியேட்டர் முதலாளி காதர் மைதீன் ராவுத்தர் பலகைக்கு முன்னால் நின்று அழுத அழுகையைப் பார்த்து ஊரே சேர்ந்து வைத்துக்கொண்ட விதி அது.

மூன்று மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வாய்க்காத கண்டக்டர்களும் காய்கறி விற்கிறவர்களும் நெல் மில்லில் வேலை செய்கிறவர்களும் அந்த நாலு வரியைப் படித்துவிட்டுப் படத்தையே பார்த்தது போலப் பேசுவார்கள்; யாரும் அவர்களைப் பொய்யர் என்று சொன்னதில்லை. பலகையில் ஏறியது நடந்தது, அவ்வளவுதான். ஒரு தடவை டீச்சர் கைதவறி, கதாநாயகியை நர்ஸ் என்பதற்குப் பதிலாக டாக்டர் என்று எழுதிவிட்டார். மாலைக் காட்சிக்குப் போனவர்கள் எல்லாரும் டாக்டரையே பார்த்துவிட்டு வந்தார்கள். இரண்டொருவர் அந்த டாக்டரின் கைராசியைப் புகழ்ந்தார்கள். படம் ஊரைவிட்டுப் போகும்வரை அவள் ஊசி போடாமல் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே இருந்தாள்.

டீச்சருக்கு இரண்டு வகைப் படங்களின் மேல் தீராத எரிச்சல். ஒன்று விளையாட்டுப் படம்: இடைவேளை வரை தோற்பார்கள், பயிற்சியாளருக்கு ஒரு பழைய காயம் இருக்கும், கடைசி ஆட்டத்தில் மழை பெய்யும், பந்து கோட்டைத் தாண்டுவதற்குள் கதாநாயகனுக்குத் தன் பிள்ளைப் பருவம் முழுவதும் ஞாபகம் வரும். வேலையில் இருந்த காலமெல்லாம் மைதானத்தில் விசில் ஊதிய டீச்சருக்கு, ஓடும்போது எந்தப் பிள்ளையும் எதையும் ஞாபகப்படுத்திக்கொள்வதில்லை என்று தெரியும். இன்னொன்று கோடிகளைக் கொட்டி எடுக்கும் சண்டைப் படம்: வண்டிகள் பறக்கும், கட்டடங்கள் சரியும், காதுக்குள் இரும்புக் கடை நடக்கும். இந்த இரண்டு வகையும்தான் மாறி மாறி வந்தன. போன ஐப்பசியில் வந்த கால்பந்துப் படத்துக்கு அவர் எழுதியது இது:

“பந்து வருகிறது, போகிறது, பாட்டு வந்தால் போவதில்லை.
தோற்பவர்களும் நன்றாகத்தான் ஆடுகிறார்கள்.
எதிரணியில் ஒருவருக்கும் பெயர் வைக்கவில்லை.
மழைக்காகப் பார்க்கலாம்.”

மூன்றாவது வரியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. மழை நிஜமாகவே நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

பங்குனி வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை “கனல் கொற்றவன்” வந்தது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே முதல் சண்டை. ஜீப்பிலிருந்து குதித்து, கட்டம் போட்ட சட்டையும் கையில் அரிவாளுமாக ஒரு அடியாள் “டேய்…” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். அவன் அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் கதாநாயகன் ஓர் அடி அடித்தான். அடிபட்டவன் கைகளை விரித்தபடி மேலே போனான், திரையின் மேல்மூலைக்குப் போனான், படம் கதாநாயகனின் முகத்துக்குத் திரும்பிவிட்டது, அடிபட்டவன் திரையைத் தாண்டி, கூரையின் ஒரு தகரத்தைத் தூக்கிக்கொண்டு, வெளியே போய்விட்டான். தகரத்தை இறுக்கச் சொல்லி ராவுத்தரிடம் எத்தனை தடவை சொல்வது என்று டீச்சர் அலுத்துக்கொண்டார். படம் முடிந்ததும் போய் எழுதினார்:

“பணம் செலவழித்தது தெரிகிறது, எதற்கு என்று தெரியவில்லை.
அடிக்கிறார்கள், பிறகும் அடிக்கிறார்கள்.
முதல் சண்டையை முழுதாக வெட்டிவிடலாம்.
பார்க்க வேண்டாம்.”

எழுதி முடித்துத் திரும்பினால், பேருந்து நிலையத்துக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியின் உயரத்தில், தலை பின்னால் சாய்ந்து, ஒரு கால் மடங்கி, கைகள் விரிந்து, அந்த அடியாள் நின்றுகொண்டிருந்தான். நின்றுகொண்டிருந்தான் என்றால் விழாமல் இருந்தான். திருவாடானை பஸ்ஸில் ஏறக் காத்திருந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, பஸ் வந்ததும் ஏறிப் போனார்கள்.

தீயணைப்பு வண்டி வந்தது. கயிறு போட்டு இழுத்தார்கள், பாறையை இழுத்தது போல இருந்தது. மின்வாரியத்திலிருந்து ஏணி வண்டி வந்தது; கம்பியைத் தொடாமல் இருக்கிறான் என்று உறுதி செய்துகொண்டு திரும்பிப் போனது. அரிவாள் மட்டும் கையிலிருந்து விழுந்தது. அட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டிய அரிவாள். அதை ஆட்டோ நிலையத்தில் வைத்து விசிறிக்கொள்ளப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் நாள் அவன் பேசத் தொடங்கினான். வாயும் கண்ணும் மட்டும்தான் அசைந்தன. பெயர் என்ன என்று கேட்டதற்கு, “படத்துல எனக்குப் பேரு வைக்கலீங்க” என்றான். ஊர் எது என்று கேட்டதற்கு, “ஜீப்புல இருந்து குதிச்சேன், அதுக்கு முந்தி ஒண்ணும் இல்லீங்க” என்றான். “டேய்-னு ஆரம்பிச்சீங்களே, அப்புறம் என்ன சொல்ல வந்தீங்க?” என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் யோசித்து, “தெரியலீங்க, அதுக்குள்ள அடி விழுந்துருச்சு” என்றான்.

ஊர் அவனுக்கு அந்தரண்ணன் என்று பெயர் வைத்தது. வைத்த பிறகு வேலையும் வைத்தது. “அண்ணே, மதுரை வண்டி வருதா?” என்று கீழேயிருந்து கேட்பார்கள், “பாலத்துக்கிட்ட நிக்குது, டயர் மாத்துறாங்க” என்று மேலேயிருந்து பதில் வரும். மழை எந்தப் பக்கம் இறங்குகிறது, யார் வீட்டு மாடு யார் வயலில் நிற்கிறது, எந்தக் கல்யாண வீட்டில் பந்தி முடியப் போகிறது என்பதெல்லாம் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். தள்ளுவண்டியில் பப்பாளிப் பழம் விற்கும் முத்துப்பேச்சி, மூங்கில்களை ஒன்றோடொன்று கட்டி நீட்டிய துறட்டியின் நுனியில் பழக்கீற்றைக் குத்தி அவன் வாய்க்கு நீட்டுவாள். நண்பகலில் அவனுடைய நிழல் சரியாக அவள் வண்டியின் மேல் விழுந்தது. பழம் வாடாமல் இருந்தது. ஆட்டோ நிலையத்துக்காரர்கள் அந்த நிழல் பொது நிழல் என்று சண்டைக்கு வந்தார்கள். “பொது நிழலா? அப்ப பொதுவாச் சோறு போடுங்கய்யா பாப்போம். நான்ல தினம் கழுத்து வலிக்கத் துறட்டியத் தூக்குறேன்” என்றாள் முத்துப்பேச்சி. அதோடு அந்த வழக்கு முடிந்தது.

எல்லாரையும்விட மகிழ்ந்தவன் இன்பராஜ். கனல் கொற்றவனாக நடித்த நாயகனின் ரசிகர் மன்றத் தலைவன். முத்துப்பேச்சியின் வண்டிக்குப் பக்கத்தில், அந்தரண்ணன் நன்றாகத் தெரியும் இடத்தில் பந்தல் போட்டு, “எங்கள் தலைவர் அடித்த அடி” என்று பேனர் கட்டி, வெளியூரிலிருந்து வருகிற ரசிகர்களை அங்கே நிறுத்திப் படம் பிடித்து அனுப்பினான். இறக்குவதைப் பற்றி யாராவது பேசினால், “எங்க தலைவர் ஏத்துன ஆள எவன் எறக்குறது?” என்று கையை மடக்குவான்.

அந்தரண்ணனுக்கோ தரையைத் தவிர வேறு நினைப்பில்லை. கீழே யாராவது செருப்பை உதறிவிட்டு வெறுங்காலால் நடந்தால், அவர்கள் திருப்பம் தாண்டி மறையும்வரை கண்ணாலேயே பின்தொடர்வான். “சூடா இருக்குமா தரை?” என்று ஒருநாள் டீச்சரைக் கேட்டான்.

“பங்குனியில சுடும்” என்றார் டீச்சர்.

“சுட்டா என்னங்க” என்றான்.

பிறகு பலகைப் பக்கம் கண்ணைத் திருப்பி, “உங்க போர்டு இங்கேருந்து நல்லாத் தெரியுது டீச்சர். தெனமும் படிக்கிறேன். நாலு வரியில நான் எங்கயும் இல்லீங்களே” என்றான்.

டீச்சருக்கு முகம் சுருங்கியது. “இடம் பத்தலை” என்றார்.

“படத்துலயும் அதத்தான் சொல்லியிருப்பாங்க” என்றான் அந்தரண்ணன். அதில் கோபம் இல்லை. அதனால் டீச்சருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் முத்துப்பேச்சி டீச்சர் வீட்டு வாசலுக்கே வந்தாள். “டீச்சரம்மா, நெழலு சரியில்ல” என்றாள். “பழமெல்லாம் வாடுது. துணியத் தொவைச்சுத் தொவைச்சு நூலாப் போன மாதிரி இருக்கு நெழலு.”

டீச்சர் போய்ப் பார்த்தார். அந்தரண்ணனின் மடங்கிய காலுக்குள் மேகம் தெரிந்தது. விரித்த கையின் வழியே ஒரு காக்கை பறப்பது தெரிந்தது. அவர் அங்கிருந்து நேரே தியேட்டருக்குப் போனார். ராவுத்தர் டிக்கெட் அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

“படம் நீளம், நீளம்னு எல்லாருமே எழுதினீங்கள்ல டீச்சர்? கம்பெனியில கேட்டுட்டாங்க. முதல் சண்டைய மொத்தமாத் தூக்கிட்டாங்க. ஊர் ஊரா மாத்திட்டு வர்றாங்க, நம்ம தியேட்டர்லயும் நேத்தே மாத்தியாச்சு” என்றார் ராவுத்தர். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் படக்காரர்கள் தன் பேச்சைக் கேட்பதில்லை என்று எரிச்சல்பட்டவர் அவர். கேட்டதே கேட்டார்கள், இதைத்தானா கேட்க வேண்டும்? எந்த ஊரில் எந்தத் தியேட்டரில் அந்தச் சண்டை வெட்டுப்பட்டுப் போனதோ, அந்த அளவுக்கு அந்தரண்ணன் வெளுத்தான். கடைசித் தியேட்டரிலும் போய்விட்டால் அவன் கீழே விழவும் மாட்டான், மேலே இருக்கவும் மாட்டான்.

“அவன் விழுந்ததை யாரும் படமா எடுக்கலை ராவுத்தர்” என்றார் டீச்சர். “அதனாலதான் நிக்கிறான். எடுக்காததை இனிமே எடுக்க முடியாது. நான் எழுதுறேன்.”

“எங்க?”

“பலகையில. வர்ற வெள்ளிக்கிழமை.”

ராவுத்தர் எழுந்து நின்றுவிட்டார். “டீச்சர், முடிவச் சொல்லக் கூடாதுன்னு நம்ம ஊர் விதி. என்னை மறுபடியும் அழ வைக்காதீங்க.”

“படத்தோட முடிவையா சொல்றேன்? முதல் சண்டையிலேயே போனவன். அவனுக்கு இடைவேளைகூட வரலை.”

“அவனுக்கு அதுதானே முடிவு?” என்றார் ராவுத்தர். இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ராவுத்தர், “நாலாவது வரியில மட்டும் கை வைக்காதீங்க. தீர்ப்பு இல்லைன்னா ஊர்க்காரன் தியேட்டருக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டான்” என்றார். டீச்சர் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை வந்தது, “கோட்டுக்கு வெளியே” என்ற கபடிப் படம் வந்தது. அதில் நடித்தவன் கனல் கொற்றவனுக்குப் போட்டி நாயகன். ஆகையால் இன்பராஜும் அவனுடைய மன்றமும் காலையிலேயே பலகைக்கு முன்னால் கூடிவிட்டார்கள்; டீச்சர் படத்தைக் கிழிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. மில் ஆட்களும் கண்டக்டர்களும் மாலைக் காட்சிக்குப் போவதா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள நின்றார்கள். மேலே அந்தரண்ணன் பழைய கண்ணாடி போல இருந்தான். சட்டையின் கட்டங்கள் மட்டும்தான் மீதி. முத்துப்பேச்சி வண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, பழத்துக்கு அடியில் போடும் வைக்கோலை எல்லாம் அள்ளி, பந்தலுக்குப் பக்கத்தில் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள். “இறங்கட்டும், இறங்கட்டும். எனக்குன்னு ஒரு நெழலு நின்னா இந்த ஊருக்குப் பொறுக்குமா” என்று முணுமுணுத்துக்கொண்டே பரப்பினாள்.

டீச்சர் வந்தார், பலகையைத் துடைத்தார், எழுதினார்:

“கபடிப் படம். அதே பயிற்சியாளர், அதே காயம், அதே மழை.”

மன்றத்தார் கைதட்டினார்கள். டீச்சர் இரண்டாவது வரியை எழுதினார்:

“போன படத்தில் அடிபட்டுப் போனவர் இப்போது கீழே வருகிறார்.”

மேலே சட்டை படபடத்தது. அந்தரண்ணன் ஓர் ஆள் உயரம் இறங்கி நின்றான். கூட்டம் “ஓ” என்றது. இன்பராஜ் பாய்ந்து வந்து பலகையை முதுகால் மறைத்து நின்றான்.

“டீச்சர், இது நல்லதுக்கில்ல. எங்க தலைவர் அடிச்ச அடி அது.”

“அடி எங்கடா விழுந்துச்சு? நீ பார்த்தியா?” என்றார் டீச்சர், மைதானத்துக் குரலில். “அடிச்சவன் கை தெரியுது. அடிபட்டவன் இன்னும் விழவே இல்லை. விழாத வரைக்கும் அது பாதி அடி. பாதி அடியத்தான் பேனர் கட்டிக் கொண்டாடிக்கிட்டு இருக்கே.”

இன்பராஜ் இதை நினைத்துப் பார்த்ததே இல்லை. திரும்பி மன்றத்தாரைப் பார்த்தான். அவர்களும் நினைத்துப் பார்த்ததில்லை என்று முகம் சொன்னது. “அப்ப விழட்டும்” என்றான் தயங்கி. “ஆனா எந்திரிக்கக் கூடாது. எங்க தலைவர் அடிச்சு எவனும் எந்திரிச்சதில்ல.”

டீச்சர் அவனை விலக்கிவிட்டு மூன்றாவது வரிக்கு வந்தார். உயரம் தாண்டுதலில் எத்தனையோ பிள்ளைகளுக்கு விழக் கற்றுக்கொடுத்த கை அது. தலை முதலில் படக் கூடாது, கையை ஊன்றக் கூடாது, தோள் தொட வேண்டும், உடம்பு உருள வேண்டும். அத்தனையும் ஒரு வரிக்குள் அடங்க வேண்டும் என்று எழுத்தைச் சிறிதாக்கி எழுதினார்:

“இடது தோள் முதலில் வைக்கோலில் தொட, உருண்டு விழுகிறார், முட்டியில் சிராய்ப்பு, வேறு காயம் இல்லை.”

அந்தரண்ணன் விழுந்தான். படத்தில் இருப்பது போல மெதுவாக இல்லை. தேங்காய் விழுவது போல விழுந்தான். இடது தோள் வைக்கோலில் பட்டது, உடம்பு உருண்டது, மன்றத்தார் சரவெடியைக் கொளுத்தினார்கள், முழு அடியும் விழுந்துவிட்டது என்று இன்பராஜ் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். வெடிச் சத்தம் ஓய்ந்ததும் எல்லாரும் வைக்கோலைப் பார்த்தார்கள். அந்தரண்ணன் மல்லாந்து கிடந்தான். முட்டியில் சிராய்ப்பு இருந்தது. கண் திறந்திருந்தது. உடம்பு மட்டும் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. அடியில் இருந்த வைக்கோல் ஒவ்வொன்றும் அவன் மார்பு வழியே தெரிந்தது. விரல்களால் தரையைத் தேடினான்; விரல் வரவில்லை.

“எந்திரிங்கண்ணே” என்றாள் முத்துப்பேச்சி.

“எழுதலையே அக்கா” என்றான் அவன்.

பலகையில் ஒரு வரிதான் மிச்சம். கூட்டம் முழுவதும் அந்த ஒரு வரிக்காகத்தான் வெயிலில் நின்றது. “டீச்சர், தீர்ப்பு” என்று ராவுத்தர் பின்னாலிருந்து கெஞ்சினார். “பார்க்க வேண்டாம்னு போடுங்க டீச்சர்” என்றான் இன்பராஜ்; “சொன்ன மாதிரி இவனக் கெடக்கவும் விட்டுருங்க.” “போடுங்க டீச்சர், டூட்டிக்குப் போகணும்” என்றார் ஒரு கண்டக்டர். “மூணு வரியில எதையாவது அழிச்சிட்டு எழுதக் கூடாதா?” என்று யாரோ கேட்டார்கள். அழித்தால் அவன் மறுபடி மேலே போவானா, பாதியில் நிற்பானா என்று யாருக்குத் தெரியும்? டீச்சர் சாக்பீஸைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், வைக்கோலைப் பார்த்தார். ராவுத்தருக்குத் தலையாட்டியதும் ஞாபகம் வந்தது. நாலு வரி வைத்து இந்தப் பலகையைச் செய்தவன் யார் என்று கோபம் வந்தது. பிறகு நாலாவது வரியை எழுதினார்:

“எழுந்து நிற்கிறார்.”

அந்தரண்ணன் எழுந்து நின்றான். முதலில் ஒரு காலை ஊன்றி, தார் சுட்டதும் எடுத்து, மறுபடி ஊன்றினான். காலிலிருந்து நிறம் ஏறியது; முட்டியின் சிராய்ப்பில் ரத்தம் சிவந்தது; சட்டைக் கட்டங்களுக்குள் உடம்பு வந்து நிறைந்தது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. அவன் நேரே இன்பராஜைப் பார்த்தான், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான், ஜீப்பிலிருந்து குதித்த அதே குரலில் கத்தினான்:

“டேய்…”

எல்லாரும் காத்திருந்தார்கள். அவனும் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருப்பது போலத்தான் இருந்தது.

“…ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்கடா” என்றான்.

இன்பராஜ் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். ஏன் ஓடினான் என்று அவனுக்கே தெரியவில்லை; பிறகு கேட்டவர்களிடம், அந்தக் குரலைக் கேட்டால் யாரும் ஓடுவார்கள் என்று மட்டும் சொன்னான். அந்தரண்ணன் தண்ணீரைக் குடித்து முடித்து, மிச்சத்தைத் தன் பாதத்திலேயே ஊற்றிக்கொண்டு, அது தரையில் ஓடுவதைப் பார்த்து நின்றான்.

முத்துப்பேச்சி வைக்கோலை வாரி வண்டியில் போட்டாள். பழங்களின் மேல் வெயில் கொளுத்தியது. “இனி இதுக எங்க வெலைபோகும்” என்று திட்டிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்தாள். அந்தரண்ணன் நொண்டிக்கொண்டு வந்து, வண்டியின் வெயில் பக்கமாகச் சேர்ந்து நடந்தான். நிழல் பழங்களின் மேல் கெட்டியாக விழுந்தது. இருவரும் கடைத்தெருவுக்குள் திரும்பினார்கள்.

பலகைக்கு முன்னால் கூட்டம் கலையவில்லை. நாலு வரியையும் மேலிருந்து கீழாகப் படித்தார்கள், கீழிருந்து மேலாகவும் படித்தார்கள். ராவுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டு வாசகசாலைப் படியில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் கையிலிருந்த சுண்ணப் பொடியைத் தட்டிவிட்டுக் குடையை விரிக்கும்போது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது:

“அதெல்லாம் சரி டீச்சர்… படம் பார்க்கலாமா, வேண்டாமா?”